அது ஏரி இல்லை, நண்பர்களே

சுனைத் தண்ணீருக்கு ஒரு வாசனை உண்டு. ஈரக் கல், கொஞ்சம் பாசி, கொஞ்சம் ஆட்டுப் புழுக்கை... மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த முதல் கோடையில், ஊருக்குப் பின்னால் இருந்த பாறை மலையின் உச்சியில் அதை இரு கைகளாலும் அள்ளிக் குடித்தேன். தல்லாகுளத்தில் குழாய்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவள் நான். குடித்த பிறகுதான் பயம் வந்தது.

கூட்டிப் போனவள் அழகம்மா. ஆடு மேய்ப்பவள். என் வயதுதான். அவள் மகள் என் வகுப்பில் படித்தாள்.

சுனைக்குப் பத்தடி முன்பே என்னை நிறுத்தி, கையிலிருந்த கம்பால் பாறையை மூன்று முறை தட்டினாள். பிறகு சும்மா நின்றாள். எதற்கு என்று கேட்டேன்.

"குடிக்க வந்தது குடிச்சுட்டுப் போகட்டும் டீச்சர். நமக்கு என்ன, பஸ்ஸா போகப்போகுது?"

ஒரு கீரி போனது. பின்னாலேயே இரண்டு கௌதாரிகள்... அந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான். தட்டுவார்கள், நிற்பார்கள், அதன்பிறகே தண்ணீரில் கை வைப்பார்கள்.

பதினோரு வருடம் அங்கே இருந்தேன். வல்லூறு குஞ்சு பொரிப்பதை வாழ்க்கையில் முதன்முதலாக அந்தப் பாறை இடுக்கில்தான் பார்த்தேன்.

நேற்று நம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் போட்டோ போட்டிருந்தார். செங்குத்தான கல் சுவர்கள், நடுவே நீலத் தண்ணீர். 'மேலூர் பக்கம் இப்படி ஒரு ஏரி இருக்குன்னு தெரியவே தெரியாது, செம ஸ்பாட்' என்று கீழே எழுதியிருந்தார். ஆளாளுக்கு இதயம் போட்டிருந்தீர்கள்.

அது ஏரி இல்லை. நான் தண்ணீர் குடித்த மலை. உச்சி இருந்த இடத்தில் இப்போது கல் வெட்டியெடுத்த குழியும் அதில் தேங்கிய தண்ணீரும்தான் இருக்கின்றன. போட்ட இதயத்தைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அதில் பாதி என் மேல்தான்.

அந்த ஊருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் டீச்சரிடம்தான் வரும். மனு, பேங்க் பாரம், கிராம சபைத் தீர்மானம்... எல்லாம் என் கையெழுத்துதான். ஒருநாள் வெளியூர்க்காரர் ஒருவர் வந்தார். மலையின் பின்பக்கம் 'கொஞ்சமாக' கல் எடுப்பார்களாம், அதற்குப் பள்ளிக்குக் காம்பவுண்ட் சுவர் கட்டித் தருவார்களாம். வகுப்புக்குள் மாடு வந்துகொண்டிருந்த பள்ளி அது. சுவர் கேட்டு மனு எழுதியே ஓய்ந்து போயிருந்தேன்.

அவர் சொல்ல, தீர்மானத்தை எழுதினேன். 'மேற்படி பாறை யாருக்கும் எவ்விதப் பயனுமின்றி வெறுமனே கிடக்கிறது.' அவர் தட்டுத் தடுமாறிச் சொன்னதை நல்ல தமிழாக்கியது நான்தான்.

வகுப்பில் சொல்வதுபோல் ஓர் உதாரணம் சொல்கிறேன். நீங்கள் அடுப்படியில் இருக்கிறீர்கள். ஒருவர் வந்து முன்னறையை எட்டிப் பார்த்து, நாற்காலியில் ஆளில்லை, இது காலி வீடு என்று எழுதிக்கொண்டு போகிறார். நான் செய்தது அதுதான். அடுப்படியில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தே செய்தேன்.

அழகம்மா கைநாட்டு வைக்க வந்தாள். படித்துக் காட்டட்டுமா என்றேன்.

"நீங்க எழுதுனதுதான டீச்சர்... அதுல என்ன தப்பு இருந்துறப்போகுது?"

நானும் படித்துக் காட்டவில்லை.

நான் மாற்றலாகிப் போகும்போதே பாதி மலை இல்லை.

இன்று காலை காளவாசலிலிருந்து இரண்டு பஸ் மாறி அங்கே போனேன். பள்ளிச் சுவர் கோணாமல் நிற்கிறது. அழகம்மாவிடம் இப்போது இரண்டே ஆடுகள். குழிவரை என்னோடு வந்தாள். விளிம்பில் நின்று, பழக்கத்தில், கம்பால் கல்லை மூன்று முறை தட்டினாள். இருவரும் நின்றோம். கீழிருந்து எதுவும் வரவில்லை.

அன்று படித்துக் காட்டாததை அங்கேயே சொல்லிக் காட்டினேன். ஒரு வார்த்தை மறக்கவில்லை.

கம்பைக் கல்லில் ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

"யாருக்கும்னா எழுதுனீங்க? எனக்குமா டீச்சர்?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. ஆடுகளைத் திருப்பினாள்.

"வாங்க, வெயில் ஏறுது. வீட்டுல தண்ணி குடிச்சிட்டுப் போங்க. கேன் தண்ணிதான். பயப்படாமக் குடிக்கலாம்."