வேணாம் என்று சொல்ல ஒரு படம்

என் மகள் சஹ்லாவுக்குப் பேச்சு வராது. வேண்டியதைப் படங்களைத் தொட்டுத்தான் கேட்பாள். சில வாரங்களாகக் காலையில் எழுந்ததுமே பள்ளிக்கூட வான் படத்தைத் தொட்டு அழுதாள். போவதற்கு அவசரப்படுகிறாள் என்று நினைத்தேன்.

"ஓம் மகள், வான் இப்ப வந்திரும்" என்று தேற்றி ஏற்றிவிட்டேன்.

ஒருநாள் குளிப்பாட்டும்போது அவள் அக்குளருகே கன்றிப்போன நகத் தடங்களைக் கண்டேன்.

"ஆரு மகள் இப்பிடிச் செஞ்ச?"

ஓடிப்போய் வான் படத்தை எடுத்து வந்தாள். அழும்போதெல்லாம் கிள்ளி அடக்கியதை, வானில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் பிறகு ஒப்புக்கொண்டாள்.

இப்போது நானே நிந்தவூரிலிருந்து பஸ்ஸில் கூட்டிப்போகிறேன். 'வேணாம்', 'நோகுது', 'பயம்' ஆகியவற்றுக்கும் படம் செய்து கொடுத்திருக்கிறேன். 'வேணாம்' படத்தை அவள் முதன்முதலில் காட்டியது எனக்குத்தான், தலை சீவும்போது. உடனே சீப்பைக் கீழே வைத்துவிட்டேன்.