எடை மேடையில் ஏறிய சின்ன கார்

1. தூறலில் வந்தது

2024 அக்டோபர் 17, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். மூன்று நாளாக விட்டுவிட்டுப் பெய்த மழை அன்று தூறலாக இறங்கிவிட்டிருந்தது. ஆரணியில் பட்டு வியாபாரி ஏகாம்பரத்தின் கடை வாசலில் எங்கள் கம்பெனியின் புது மாடல் காரை நிறுத்தினேன். பெட்ரோல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வேலூரிலிருந்து புறப்பட்டபோதே எனக்கு அதுதான் கவலை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சேல்ஸ் ஹெட் விவேக்கிடம் வழியில் நான்கு முறை சொன்னேன்.

"ரிலாக்ஸ் சார். டெமோ காருக்குத் தந்த பெட்ரோல் கார்டு வேலூர் பங்க்ல மட்டும்தான் வேலை செய்யும், அதைத் தாண்டிட்டோம். அம்பது கிலோமீட்டர் தாங்கும்" என்றார்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்காக எழுதுவதால் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது பெரிய கார்கள் மட்டுமே விற்ற கம்பெனி. முதலாளி பின்னால் சாய்ந்து உட்காருவார், டிரைவர் ஓட்டுவார். அந்த ஆண்டு முதல்முறையாகச் சின்ன கார் ஒன்றை இறக்கினார்கள். கதவு இரண்டுதான். எங்கள் வரிசையிலேயே விலை குறைந்தது. 'கார் ஓட்டுவதையே காதலிக்கிறவர்களுக்கு' என்று விளம்பரம். ஆரணியில் தன் காரைத் தானே ஓட்டும் பட்டு வியாபாரியை இருபத்திரண்டு வருட சர்வீஸில் நான் பார்த்ததில்லை. அதையும் விவேக்கிடம் சொன்னேன். கேட்கவில்லை.

எனக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. என் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடியவிருந்தது. ஆரணியில் ஒரு சின்ன கார் விற்றால் இன்னும் ஒரு வருடம் நீட்டிப்பதாக விவேக் சொல்லியிருந்தார். வேலை போனால் கம்பெனியின் மருத்துவக் காப்பீடும் போய்விடும். என் மனைவி கமலாவின் இரண்டு முழங்கால்களுக்கும் நவம்பரில் அறுவை சிகிச்சை என்று நாள் குறித்தாகிவிட்டது. நான் விற்க வேண்டியது ஒரே ஒரு கார். அந்த மாதத்தில் மீதி பதினான்கு நாள்.

2. எழுநூறு கிலோ எங்கே

ஏகாம்பரம் எங்கள் பெரிய கார் ஒன்றை ஏற்கெனவே வைத்திருப்பவர். நல்ல ஆகிருதி. வாசலுக்கு வந்து காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"இன்னா தணிகாசலம், மீதிக் காரு பின்னாடி வருதா?"

"இது அவ்வளவுதாண்ணா."

விவேக் முன்னால் வந்தார். "சார், இது டிரைவ் பண்றவங்களுக்கான கார். இதுல டிரைவர்தான் ராஜா."

"அப்ப நான் யாரு?" என்று கேட்டுவிட்டு ஏகாம்பரம் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "டேய் ஜாபர்! உனக்கு காரு வந்துகீதுடா, வா!"

ஜாபர் அவருடைய டிரைவர். வந்து ஸ்டீரிங்கைத் தொட்டவர், கையை எடுக்கவே இல்லை. ஏகாம்பரம் வழக்கம்போலப் பின்சீட்டுக்குப் போனார். முன்சீட்டை மடக்கி, ஒரு காலை விட்டு, தலையைக் குனிந்து, திரும்பி, மறுபடி குனிந்து, நாங்கள் மூன்று பேரும் தள்ளியதில் உள்ளே போய்ச் சேர்ந்தார். முழங்கால் இரண்டும் மோவாயைத் தொட்டன. இனி பேச்சு முடியும்வரை இறங்குவதாக இல்லை என்று சொல்லிவிட்டார்.

விவேக் பயிற்சியில் கற்ற மூன்று வாக்கியங்களில் முதலாவதைச் சொன்னார். "சார், ரோட்டுல இருக்கற ஒவ்வொரு கல்லையும் இதுல நீங்க ஃபீல் பண்ணலாம்."

"கல்லு தெரியக் கூடாதுன்னுதானேய்யா உங்க பெரிய கார வாங்குனேன்?"

இரண்டாவதாக, ஸ்போர்ட் மோடைப் போட்டுக் காட்டினார். வண்டி படபடவென்று வெடித்தது. "புது வண்டிலயே சைலன்சர்ல ஓட்டை" என்றார் ஏகாம்பரம், என்னைப் பரிதாபமாகப் பார்த்து.

மூன்றாவது வாக்கியத்தைச் சொல்ல வேண்டாம் என்று நான் கண்ணால் ஜாடை செய்தேன். விவேக் கவனிக்கவில்லை. "முக்கியமான விஷயம் சார், லைட் வெயிட்! உங்க காரைவிட எழுநூறு கிலோ குறைச்சிருக்கோம்!"

ஏகாம்பரம் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார்.

ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். வியாபாரி நெசவாளிக்குப் பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுக் கொடுப்பார். சேலையாகத் திரும்பி வரும்போது மறுபடி எடை போடுவார். சில கிராம் குறைந்தால்கூடக் கூலியில் பிடித்தம், கெட்ட பெயர் வேறு. ஆரணிக் கடையில் போய் நின்று 'எடையைக் குறைத்திருக்கிறோம்' என்று சொல்வது, நடுத்தெருவில் நின்று நான் திருடன் என்று சொல்வதற்குச் சமம்.

"எடுத்த எழுநூறு கிலோ எங்க?" என்றார் ஏகாம்பரம்.

"அது... டிசைன்லயே எடுத்துட்டோம் சார்."

"எடுத்துட்டன்னு வாயாலயே சொல்ற. சரி, மீதி எவ்ளோ?"

"ஆயிரத்து நானூத்தி எண்பது கிலோ சார். பிரோஷர்லயே போட்டிருக்கு."

"பிரோஷர்ல நானும்தான் போடுவேன், சுத்தப் பட்டுன்னு. ஜாபர், அரிசி மில்லு வேபிரிட்ஜுக்கு வுடு!"

3. நனைந்த சரக்கு

அரிசி மில் ஒன்றரைக் கிலோமீட்டர். முந்நூறு குதிரை சக்தி கொண்ட காரில், நெல் மூட்டை ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால், நடந்து போகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போக, ஊர்ந்து போனோம். ஜாபருக்கு மட்டும் ஆனந்தம். "சார், ஸ்டீரிங் மக்கன் மாதிரி, வெண்ண மாதிரி கீது சார்!" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். பின்னாலிருந்து, "ஜல்தி வேணாம்டா, கல்லு குத்துது" என்று குரல் வந்தது.

எடை மேடை அறையில் செல்வி என்ற பெண் உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "நெல்லா, தவுடா?" என்று கேட்டார்.

"காரும்மா" என்றேன்.

"காருக்குள்ள இன்னா லோடு?"

பின்சீட்டிலிருந்து ஏகாம்பரம் கையை ஆட்டினார். செல்வி எழுந்து வந்து ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

எடை போடும் முன் ஏகாம்பரம் இன்னொரு நிபந்தனை போட்டார். "வண்டி நனைஞ்சிகீது. ஈரப் பட்டு எடை கூடக் காட்டும். தொடச்சிட்டுப் போடு."

ஜாபர் மில்லிலிருந்து சாக்கு கொண்டுவந்தார். "பெயிண்ட்! பெயிண்ட்!" என்று விவேக் அலறினார். துடைக்கத் துடைக்கத் தூறியது. கடைசியில் ஜாபரும் விவேக்கும் விலகிக்கொள்ள, நான் மேடைக்கு வெளியே நின்று, என் குடையை எட்டியவரை காருக்கு மேல் நீட்டிப் பிடித்தேன். அது பானட்டில் கால்வாசியைத்தான் மறைத்தது. ஏகாம்பரம் அதை ஏற்றுக்கொண்டார்.

செல்வி சத்தமாகப் படித்தார். "ஆயிரத்து ஐநூத்தி அறுவது. ஆளோட."

"என் எடை தொண்ணூத்திரெண்டு. கழி" என்றார் ஏகாம்பரம்.

கழித்தால் பிரோஷர் கணக்குக்குப் பன்னிரண்டு கிலோ குறைந்தது. அவர் எவ்வளவு மெலிந்தவரோ அவ்வளவு எங்கள் காருக்கு நல்லது. "அண்ணா, தொண்ணூத்திரெண்டெல்லாம் எப்பவோ. இப்ப இளைச்சிட்டீங்க. எண்பதுக்கு மேல இருக்க மாட்டீங்க" என்றேன். எண்பதைக் கழித்தால் சரியாக ஆயிரத்து நானூற்று எண்பது.

"நெஜமாவா சொல்ற?" அவர் முகம் மலர்ந்தது. ஒரு கணம்தான். உடனே வியாபாரி முகம் திரும்பிவிட்டது. "உத்தேசக் கணக்கு என்கிட்ட ஆவாது. என்னை எறக்கு. காலி வண்டியப் போடு."

ஜாபர் இழுத்தார், நான் தள்ளினேன், விவேக் சீட்டைப் பிடித்துக்கொண்டார். பதினோரு நிமிடம் ஆயிற்று. ஏகாம்பரம் வெளியே வந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"ஆயிரத்து நானூத்தி அம்பது" என்று படித்த செல்வி, கேட்காமலே மீதியையும் சொன்னார். "அப்ப ஐயா நூத்திப் பத்து."

மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"உன் மிஷின் தப்பு!" என்றார் ஏகாம்பரம்.

"மிஷின் தப்புன்னா வண்டி எடையும் தப்புதான். அதுல கொற சொல்ல முடியாது. எது வேணும், சொல்லுங்க" என்றார் செல்வி.

மிஷின் பொய் என்றால் அவர் தொண்ணூற்றிரண்டாகவே இருக்கலாம். ஆனால் கார் சுத்தமாகிவிடும். மிஷின் நிஜம் என்றால் கார் முப்பது கிலோ குறைவு, அவர் நூற்றுப் பத்து. என் பிழைப்பு அவருடைய தொப்பையில் தொங்கியது. அவர் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"எடைன்னா எடைதான்" என்றார். "நான் நூத்திப் பத்து. முப்பது கிலோ எங்க தணிகாசலம்?"

விவேக் சென்னைக்குப் போன் போட்டார். "சார், கஸ்டமர் காரை எடை போட்டுட்டாரு சார்... இல்ல சார், குடிக்கல சார்" என்று பேசிக்கொண்டே மழையில் நடந்து போனார். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிரோஷரின் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். அங்கே எறும்பு எழுத்தில் ஒரு வரி: எடை, எரிபொருள் உள்பட.

காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்த அந்த விளக்கு அப்போதுதான் எனக்கு உபயோகப்பட்டது.

"அண்ணா, டேங்க் காலி. கொறையறது பெட்ரோலு."

"அப்ப ஊத்திக் காட்டு."

எதிரிலேயே பங்க். விவேக்கின் கார்டு அங்கே செல்லாது. என் போனிலிருந்து பணம் கட்டி நாற்பது லிட்டர் போட்டேன். லிட்டருக்கு முக்கால் கிலோ, ஆக முப்பது கிலோ. மனக்கணக்கை மூன்று தடவை சரிபார்த்தேன். மறுபடி மேடை. மறுபடி தூறல். இந்த முறை விவேக் தன் கோட்டைக் கழற்றி அவரே துடைத்தார்.

"ஆயிரத்து நானூத்தி எண்பது" என்றார் செல்வி.

ஏகாம்பரம் தலையை ஆட்டிவிட்டுப் போனை எடுத்துக் கணக்குப் போட்டார். "என் பழைய காரு கிலோ நாலாயிரம் ரூவா. இது கிலோ நாலாயிரத்து இருநூறு."

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். கமலாவுக்கு என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

"கிலோவுக்கு இருநூறு ஒசத்தியா?" என்றார் அவர், காரை முதல்முறையாக மரியாதையோடு பார்த்து. "அப்ப இதுல ஜரிகை ஜாஸ்தி. மட்டமானத எடுத்துட்டு, நல்லத வச்சிகீறாங்க. சரக்கு சுத்தம். எனக்கு ஒண்ணு புக் பண்ணு."

4. பிறகு நடந்தது

புக்கிங் படிவத்தில் 'வாடிக்கையாளர் வகை' என்ற இடத்தில், 'தீவிர ஓட்டுநர் ஆர்வலர்' என்று விவேக் பதிந்தார். அதை நம்பிய கம்பெனி, சென்னைக்கு வெளியே ஒரு பந்தயத் தடத்துக்கு ஏகாம்பரத்தை அழைத்தது. போனார். பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். ஜாபர் ஆறு சுற்று ஓட்டினார். தலைக்கவசம் போட்டுக்கொண்டு பின்சீட்டில் வெற்றிலை மென்ற ஆர்வலர் அன்று அவர் ஒருவர்தான் என்று கேள்விப்பட்டேன்.

சரக்கை எந்தத் தராசில் போட வேண்டும் என்பதை வாங்குகிறவர் முடிவு செய்கிறார். அந்தத் தராசு தெரியாமல் வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு போகாதீர்கள். போகும்போது டேங்கையும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

என் ஒப்பந்தம் நீண்டது. கமலாவின் இரண்டு முழங்கால்களுக்கும் காப்பீடு முழுதாகக் கொடுத்தது. பெட்ரோல் பில் மட்டும் திரும்பி வந்தது. நாற்பது லிட்டர் போட்ட பிறகு கார் ஓடிய தூரம் ஆரணி முதல் வேலூர் வரைதான். லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர்கூடச் சரியாக வரவில்லை, விளக்கம் தேவை என்று அக்கவுண்ட்ஸ் எழுதியிருந்தது. மீதி பெட்ரோல் டேங்கிலேயே இருக்கிறது என்று இரண்டு பக்கம் விளக்கம் எழுதினேன். அதற்குள் அதை வேறு யாரோ ஓட்டித் தீர்த்துவிட்டார்களாம்.

கமலா வீட்டுக்குள் ஊன்றுகோல் இல்லாமல் நடந்த அன்றும் நான் அதைப் பற்றியே புலம்பிக்கொண்டிருந்தேன். பெட்ரோல் நாலாயிரத்து அறுபது, எடைக்கூலி மூன்று முறை, தடவைக்கு அறுபது என்று அவளுக்குக் கணக்குச் சொன்னேன். அவள் அடுப்படியிலிருந்து கூடம் வரை நடந்து வந்து, நின்று, திரும்பிப் போனாள். போகும்போது சொன்னாள்:

"ரெண்டு முட்டி, நாலாயிரத்து இருநூத்தி நாப்பது ரூவா. சல்லிசுதான், வுடுங்க."