மூக்கைத் தூக்கிய கை

அவரைச் சக விமானிகள் 'ஆட்டோ' என்றுதான் கூப்பிடுவார்கள். மேலே ஏறியதும் விமானத்தைத் தானியங்கியிடம் ஒப்படைத்துவிட்டு, தரை தொட்ட பிறகே மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பொறுப்பேற்பவர் என்பதால் வந்த பெயர். மனிதர் கோபித்துக்கொண்டதில்லை. இத்தனை ஆண்டில் ஒரு பயணிக்குக்கூடத் தலை வலித்ததில்லையே!

அந்தப் பெருமையில் நிர்வாகம் மண்ணள்ளிப் போட்டது. ஒவ்வொரு கேப்டனும் சிமுலேட்டரில் கையாலேயே தரையிறக்கிக் காட்ட வேண்டும். தவறினால் நிஜ விமானத்தைத் தொட முடியாது.

ஜன்னலில்லாத கூடத்தில் இரும்புக் கால்களில் நிற்கும் பெட்டிதான் சிமுலேட்டர். உள்ளே அச்சு அசலாக விமானியறை. பக்கத்து இருக்கையில் பரீட்சை வைப்பவர், ஒரு காலத்தில் இவருக்குக் கீழே துணை விமானியாக இருந்த தம்பி. ஆளுக்கொரு பிடி, ஒன்றை இழுத்தால் மற்றதும் கூடவே வரும்.

திரையில் ஓடுபாதை எழுந்து வந்தது. தரைக்குச் சற்று மேலே பிடியை இழுத்து, விமானத்தின் மூக்கை லேசாகத் தூக்க வேண்டும். அவ்வளவுதான் சங்கதி.

"அண்ணே, தூக்குங்க."

"இருப்பா."

"தூக்குங்கண்ணே!"

பெட்டி குலுங்கியது. திரை சிவந்தது.

"எல்லாரும் போய்ச் சேந்தாச்சு," என்றார் தம்பி. "காபி குடிச்சிட்டு வாங்க, மறுபடி பொறக்கலாம்."

சிரித்தார்கள். அடுத்த தடவையும் செத்தார்கள். அதற்கடுத்த தடவை யாரும் சிரிக்கவில்லை. எப்போது தூக்குவதென்று தெரிந்து வைத்திருந்த கை, சொல்லிக்கொள்ளாமல் எங்கேயோ இறங்கிப் போயிருந்தது.

கடைசி முயற்சி. ஓடுபாதை முகத்துக்கு நேரே வந்தது. பிடி பின்னால் நகர்ந்தது. சக்கரங்கள் பூப்போலத் தரையைத் தொட்டன.

"பிரமாதம்ணே, பாஸாயிட்டீங்க!" தம்பி தன் பிடியிலிருந்து கையை எடுத்துத் தொடையில் துடைத்துக்கொண்டார்.

"நான்தானேப்பா தூக்கினேன்?"

"பின்ன, நானா?" தம்பி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "விடுங்கண்ணே. நெஜத்துல அதுவா எறங்கிடும்."

"எறங்கலேன்னா?"

தம்பி விளக்கை அணைத்தார்.

வெளியே வந்ததும் மனைவியின் போன். "என்னங்க, ஆச்சா?"

"பாஸ்."

"அப்பாடா! திங்கக்கிழமை அக்கா வீட்டுக்கு நானும் பாப்பாவும் உங்க ஃப்ளைட்லயே வர்றோம். அப்பா ஓட்டுற விமானம்னு இப்பவே ஒரே குதி."

கண்ணாடிக்கு அப்பால் பெட்டி கால்களை மடக்கித் தாழ்ந்துகொண்டிருந்தது. அவர் பிடியைப் பிடித்திருந்த தன் இடது கையைப் பார்த்தார்.

"அதுல சீட் இல்லம்மா."

"பாத்துட்டுதாங்க பேசுறேன். பாதி காலியா கெடக்கு."

"சொன்னா கேளு. நீங்க ரெண்டு பேரும் ரயில்ல போயிருங்க."

"அப்ப நீங்க?"

"நான் ஓட்டணுமே," என்றார்.