இடுப்பில் ஒரு கயிறு

ஐம்பது வயது மனிதரைக் 'கன்னுக்குட்டி' என்று கூப்பிட்டால் யாருக்கும் கோபம் வரும். அவருக்கு வராது. ஆலையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுத்தம் செய்ய ஆள் இறங்கும்போது, மேலே வாய்த்துளை ஓரத்தில் காவலிருப்பதுதான் அவர் வேலை. உட்காருமுன் ஒரு குட்டைக் கயிற்றால் தன் இடுப்பைக் கைப்பிடிக் கம்பியோடு கட்டிக்கொள்வார். எந்த விதியும் அதைக் கேட்கவில்லை. சிரித்தவர்களிடம் ஒரே பதில்தான் சொல்வார்: "மயங்கி விழுந்தவனப் பாத்துக் குதிச்சவனையும் நான் தூக்கிப் போட்டிருக்கேன். ரெண்டு பேருமே எந்திரிக்கல." அதற்குப் பிறகும் சிரித்தார்கள், புண்ணியவான்கள்.

அன்று இறங்கியது அவருடைய தங்கை புருஷன். காலையிலேயே வாயு அளக்கும் மீட்டரை உள்ளே விட்டுக் காற்றைச் சோதித்தாயிற்று. காற்று ஊதும் விசிறியும் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் பெல்ட்டில் மாட்டிய வடம் துளைக்கு மேல் நிறுத்திய இரும்பு முக்காலியின் கைராட்டினத்தில் சுற்றியிருந்தது. அது போக, கையில் ஒரு சைகைக் கயிறு. இவர் ஒருமுறை இழுத்தால் கீழிருந்தும் ஓர் இழுப்பு வர வேண்டும்.

அந்த வேலையில் நேரம் மிதக்கும். கீழே கசடு சுரண்டும் ஓசை சுவரெல்லாம் சுற்றிவிட்டு, யாரோ பலர் முணுமுணுப்பதுபோல் மேலே வரும். மேகம் நகர்கிறதா, தொட்டி நகர்கிறதா என்று தெரியாது. விரலிடுக்கில் கயிறு மட்டும் உயிரோடிருக்கும்.

"மச்சான், தூங்கிட்டீங்களா?"

"நீ தூங்காம இருந்தாச் சரி, மாப்ள."

அடுத்த இழுப்புக்குப் பதில் வரவில்லை. கசட்டைக் கிளறியதில் அடியில் அடைந்திருந்த வாயு கிளம்பிவிட்டது. மாப்பிள்ளை இடுப்பிலிருந்த மீட்டர் கத்தியது. இவர் எட்டிப் பார்த்தார். தலைவிளக்கு சுவரைப் பார்த்தபடி அசையாமல் கிடந்தது.

விசில் ஊதியது அவருக்கு நினைவில்லை. கால் துளைக்குள் போனதும் நினைவில்லை. தங்கையின் முகம் மட்டும் தெரிந்தது. இடுப்பை வெடுக்கென்று கயிறு பிடித்தது. திமிறினார், அவிழவில்லை. அவரே போட்ட முடிச்சாயிற்றே. அந்தத் தவிப்பில்தான் கை ராட்டினத்தின் பிடியில் பட்டது. சுற்றினார். கனவில் ஓடுவதுபோல எவ்வளவு சுற்றியும் எதுவும் நகராத மாதிரி இருந்தது. பிறகு, மெதுவாக, ஒரு தலை வெளிச்சத்துக்கு வந்தது.

மாப்பிள்ளை பிழைத்தார். மறுநாள் மருத்துவமனையில் தங்கை அண்ணனுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. மாலையில்தான் வாய் திறந்தாள்.

"நீ மேலயே நின்னியாமே?"

"ஆமா."

"அவரு அங்க கெடந்தாரு. உனக்கு எறங்கத் தோணலியா, அண்ணே?"

அவர் தரையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுக்கக் குனிந்தார். சட்டை மேலேறியது. இடுப்பைச் சுற்றித் தோல் உரிந்து, ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது.

தங்கை நெடுநேரம் அதையே பார்த்தாள். அலமாரியிலிருந்த மருந்தை எடுத்து வந்தாள்.

"திரும்பி நில்லு."

எரிந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"திரும்ப வேலைக்குப் போறப்பவும் கட்டிக்குவியா?"

"கட்டிக்குவேன்."

"பழைய கயிறா இருக்கப் போகுது," என்றாள் அவள். "நல்லதாப் பாத்துக் கட்டிக்க."