எஞ்சின் இல்லாத ஜீப்

புதுச்சேரியில் எங்கள் போலீஸ் மைதானத்து மூலையில், எஞ்சின் இல்லாத ஜீப் ஒன்று நாலு செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தது. எழுபதுகளின் கடைசி. டிரைவர் வேலைக்கு வருகிற போலீஸ்காரர்கள் முதலில் அதில்தான் பழக வேண்டும். பெட்ரோலும் மிச்சம், யார் மேலாவது ஏற்றிவிடுவார்களோ என்ற பயமும் கிடையாது. கிளட்ச், கியர், பிரேக், ஸ்டீயரிங் எல்லாம் அசையும். வண்டி மட்டும் அசையாது. போலீஸில் சேர்ந்திருக்கும் எதிர்வீட்டுப் பெண் இப்போது பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஓட்டப் பழகுகிறாளாம். திரையில் மழைகூட வருமாம், எஞ்சின் சத்தமும் அதுவே போடுமாம். "அட போம்மா, அதையெல்லாம் நாங்க வாயாலயே போட்டோம்" என்றேன்.

வாயால் போட வைத்தது நான்தான். செங்கல் ஜீப்புக்கு நான் பொறுப்பு. இருபத்துமூன்று வயது, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. எப்போது கியர் மாற்றுவதென்று காதில் விழுந்தால்தானே புரியும்? அதனால் "ட்ர்ர்ர்" என்று எஞ்சின் மாதிரி கத்தச் சொல்வேன். குரல் ஏறினால் அடுத்த கியர். மற்றவர்கள் வெட்கப்பட்டு முனகுவார்கள். பழக வந்தவர்களில் ஏட்டையா ஒருவர் மட்டும், நாற்பத்தைந்து வயதில், கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவார். அவருக்கு, கேரளக் கரையில் இருக்கும் எங்கள் மாஹேவுக்கு மாற்றல் வந்திருந்தது. வீட்டம்மாவுக்கு இதயத்தில் கோளாறு, வாராவாரம் கோரிமேட்டு ஆஸ்பத்திரி. டிரைவராகத் தேறினால் ஊரிலேயே இருக்கலாம். "தம்பி, இது போச்சுன்னா அவள அங்க யாருகிட்டக் காட்டுவேன்?" என்பார். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

தேர்வு நிஜ ஜீப்பில், பெரிய மார்க்கெட் வழியாக. அவர் பக்கத்தில் தேர்வு நடத்த வெளியிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர், பின்னால் நான். மீன்கூடைக்காரி ஒருத்தி குறுக்கே வந்துவிட, ஏட்டையா சட்டென்று பிரேக் போட்டார். கிளட்சை மிதிக்க மறந்ததில் எஞ்சின் நின்றுபோனது. மார்க்கெட் இரைச்சலில் அவருக்கு அது தெரியவில்லை. முதல் கியர் போட்டு "ட்ர்ர்ர்" என்றார். குரலை ஏற்றி இரண்டாவது போட்டார், மூன்றாவதும் போட்டார். நின்ற இடத்திலேயே மூன்று கியர்! பூக்காரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாவி, நானும் சிரித்துவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "யாருய்யா ஒனக்கு இப்டிக் கத்துக்குடுத்தது? மொதல்ல அவன வீட்டுக்கு அனுப்பணும்" என்றார். ஏட்டையா கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார்.

"யாரும் இல்ல சார். நானாத்தான் பழகிட்டேன்."

அந்த வாரமே வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு மாஹேவுக்குக் கிளம்பினார். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவருக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருப்பார்களோ என்னவோ. நான் சொல்லவில்லை. அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமானது.