ஐம்பது நிமிட விமானம்

அப்பா விடியற்காலை ஐந்தரைக்கு இறந்தார். ஆறு மணிக்கு நான் ஒரு காகிதத்தில் மணிக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கல்நெஞ்சுக்காரி என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும். தம்பி வந்து அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் கவலை.

அவன் கடல் தாண்டி, சரவாக் மாநிலத்தின் உட்பகுதியில், ஒரு மலைக்கிராமத்தில் ஆசிரியர். அங்கிருந்து மிரி நகருக்குச் சின்ன விமானத்தில் ஐம்பது நிமிடம். ஒரு நாளைக்கு ஒரே விமானம்தான். அதை விட்டால் மரலாரி ஓடும் மண்பாதையில் பன்னிரண்டு மணி நேரம். மிரியிலிருந்து கோலாலம்பூருக்கு இரண்டேகால் மணி. பிறகு காரில் ஈப்போ, சுங்கை சிப்புட், அதையும் தாண்டி ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட எங்கள் பழைய தோட்டம். காலை விமானத்தைப் பிடித்தால் இரவு எட்டுக்கு வீட்டில் இருப்பான். ஈப்போ மின்சுடலையில் மறுநாள் நண்பகலுக்குத்தான் நேரம் கிடைத்திருந்தது. அதைத் தள்ளிப்போட வழியில்லை.

போனை எடுத்ததும் அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, கையைப் பிடித்துக்கொண்டார்.

"செத்துட்டாருன்னு சொல்லிடாத. தனியா வாரான், வழியில ஏதாச்சும் ஆயிடும். சீரியஸுன்னு மட்டும் சொல்லு."

பயணத்தில் வருகிறவனிடம் எங்கள் ஆட்கள் சாவைச் சொல்வதில்லை. அம்மா இறந்தபோது, நான் குடியிருந்த குனோங் ராபாட்டிலிருந்து என்னையும் இப்படித்தான் வரவழைத்தார்கள். வாசலில் போட்டிருந்த கூடாரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்று எல்லோரையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். இப்போது அதே பொய்யை நானே சொன்னேன்.

"தம்பி, அப்பாவுக்கு சீரியஸா இருக்கு. ஆஸ்பத்திரில வச்சிருக்கோம். உடனே கிளம்பி வாலா."

குரல் நடுங்காமல் சொல்லிவிட்டோம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

கூடாரம் வந்தது, நாற்காலிகள் வந்தன. உள்ளே நுழைகிற ஒவ்வொருவரும் மாலையைப் போட்டுவிட்டு அதே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "எத்தனை மணிக்கு எடுக்குறீங்க?" நாளைக்குப் பதினொன்றுக்கு, தம்பி இன்றைக்கே வந்துவிடுவான் என்று நானும் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். விமானம் பத்தரைக்கு மிரியில் இறங்கியிருக்க வேண்டும். பதினொன்றாயிற்று, அழைப்பு இல்லை. மலையில் மூடுபனி என்றால் அந்த விமானம் கிளம்பாது. ஆளை நிறுத்தி எடை பார்த்து ஏற்றுகிற விமானம் அது. யாரோ கொடுத்த தேநீர் கையிலேயே ஆறிப்போனது.

பன்னிரண்டுக்குப் போன் அடித்தது.

"மிரிக்கு வந்துட்டியா தம்பி?"

"இல்லக்கா, இங்கதான் இருக்கேன். ஒரே ஒரு சீட்டுத்தான் இருந்துச்சு. இங்க ஒரு அம்மா, புள்ளத்தாச்சி, ரத்தமா போவுது. அவங்கள ஏத்தி விட்டுட்டேன். அப்பாதான் ஆஸ்பத்திரில இருக்காரே, டாக்டருங்க பாத்துக்குவாங்க. நாளைக்குக் காலைல பிளேன்ல வாரேன். அப்பாகிட்ட சொல்லிடு அக்கா."

நாளைக் காலை விமானம் என்றால் அவன் வீடு வந்து சேரும்போது அப்பா சாம்பலாகியிருப்பார். இனி மண்பாதையில் கிளம்பினாலும் நேரத்துக்கு வந்து சேர முடியாது. பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவரைச் சொல்லி என்ன, பொய் சொன்ன வாய் என்னுடையது. உண்மையைச் சொல்லியிருந்தால் அவன் என்ன செய்திருப்பான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த நேரம் பார்த்து வாசலில் சங்கு ஊதினார்கள். நான் போனைக் கையால் பொத்தினேன். பொத்தி என்ன பயன், அது தோட்டம் முழுக்கக் கேட்கிற சத்தம்.

சங்கு ஓய்ந்தது.

"அக்கா," என்றான் தம்பி. "எத்தனை மணிக்கு எடுக்குறீங்க?"