பேரீச்சந் தோப்பின் மஞ்சள் தூசி

ஸ்காபரோவில் அண்ணாவின் வீட்டு நிலவறையில் ஒரு பெரிய ஃபிரீசர் இருந்தது. யாழ்ப்பாணத்தவர் வீட்டு ஃபிரீசரில் என்ன இருக்குமோ அதெல்லாம் அதிலும் இருந்தது: பனங்கிழங்கு ஒடியல் மா, துண்டு போட்ட அறக்குளா மீன், நறுக்கிக் கட்டிய முருங்கைக்காய், யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்த மிளகாய்த்தூள். எல்லாவற்றுக்கும் கீழே, மூலையில், ஒரு ஜாம் போத்தல். அதன் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மஞ்சள் நிறத் தூள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா அதை மேலே எடுத்துவந்து, மூடியைத் திருகித் திறந்து, மீன்குழம்புக்குள் ஒரு கரண்டி போடப் போனார். படிக்கட்டிலிருந்து ஓடிவந்த மச்சாள் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். மாமியாரின் கையைப் பிடித்து நிறுத்துகிற மருமகள் அல்ல அவர்.

“மாமி, அது மஞ்சள் இல்லை.”

“பின்னை என்ன கோதாரி இது?”

“பேரீச்சம் பூவின்ரை மகரந்தம்.”

“மீன் வைக்கவே இடமில்லாத ஃபிறீசருக்குள்ளை பூத்தூளோ? நல்ல வீடு இது” என்றார் அம்மா. மச்சாள் போத்தலை மூடி, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி கீழே இறங்கிப் போனார். மேலே வர வெகுநேரம் ஆயிற்று. அன்றைய குழம்பு மஞ்சள் போடாமலே அடுப்பிலிருந்து இறங்கியது.

மச்சாள் என்றால் அண்ணாவின் மனைவி. அவருக்கு நானும் மச்சாள்தான். அவர்களோடும், அப்போது சிறுமியாயிருந்த அவர்களின் மகளோடும் நானும் அம்மாவும் அந்த வீட்டில்தான் பல வருடம் இருந்தோம். மச்சாள் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆராய்ச்சியாளர். என்ன ஆராய்ச்சி என்று எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது பெரும்பாடு. டொக்டர் என்று சொன்னால் முழங்கால் வலிக்கு மருந்து கேட்பார்கள். அண்ணாவின் சிநேகிதர்கள் ‘மண் கிண்டிற டொக்டர்’ என்று பட்டம் வைத்திருந்தார்கள். மச்சாளும் சிரித்துக்கொண்டே “ஓம், அதுதான் என்ரை வேலை” என்பார். பாலைவன நாடு ஒன்றில், மணலுக்கு நடுவே ஒரு ஊற்று. ஊற்றைச் சுற்றிப் பேரீச்சந் தோப்பு. தோப்பைச் சுற்றி ஊர். அந்தச் சோலை பல நூறு வருடங்களுக்கு முன் எப்படி இருந்தது, மனிதர்கள் அந்த நிலத்தை என்ன செய்தார்கள், நிலம் அவர்களை என்ன செய்தது என்பதுதான் அவருடைய கேள்வி. நாட்டின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அங்கே இருப்பவர்களுக்கு இனி யாராலும் உபத்திரவம் வேண்டாம்.

வேலை முறையை அவர் எனக்குக் குசினி மேசையில் வைத்துச் சொல்லித் தந்திருக்கிறார். ஊற்றிலிருந்து வழிகிற நீர் தேங்கும் சிறிய குளம் ஒன்று உண்டு. அதன் அடியில் நீளமான குழாயை இறக்கி, சேற்றை அப்படியே உருவி எடுப்பார்கள். கீழே இருப்பது பழைய சேறு, மேலே இருப்பது புதியது. ஒவ்வொரு படையிலும், அதாவது அடுக்கிலும், அந்தந்தக் காலத்தில் காற்றில் வந்து விழுந்த மகரந்தம் கிடக்கும். அமிலம் ஊற்றி மற்றதையெல்லாம் கரைத்தாலும் அது மட்டும் கரையாது. பிறகு நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்து ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும். மச்சாள் ஆய்வுகூடத்தில் உட்கார்ந்து யாரோ செத்துப்போன மனிதர்களின் தோப்பை எண்ணிக்கொண்டிருப்பார். சோறு ஆறிக் கல்லாய்ப் போனபிறகுதான் வீட்டுக்கு வருவார்.

ஒவ்வொரு மார்கழியிலும் அங்கே போவார். வெய்யில் தாங்கக்கூடிய காலம் அதுதான், பல்கலைக்கழகத்துக்கும் விடுமுறை. தங்குவது ஒரு தோப்புக்காரரின் வீட்டில். அவர் தருகிற பேரீச்சம்பழம் ஒரு பெட்டி எங்கள் வீட்டுக்கு வரும், ஆதலால் எங்களுக்கு அவர் ‘பேரீச்சம்பழக்காரர்’. நாங்கள் அவரைக் கண்டதில்லை, ஆனால் எங்கள் உறவினர் சிலரைவிட அவரைப்பற்றிக் கூடுதலாகத் தெரியும். மகளுக்குக் கலியாணம் பேசியது, மருமகன் சரியில்லாதது, பல்வலி, எல்லாம். “சேத்துக்குள்ளை எங்களைப் பற்றி என்ன கிடக்கு?” என்று அவர் ஒவ்வொரு வருடமும் கேட்பாராம். “பொறுங்கோ, எண்ணி முடிக்கேல்லை” என்று மச்சாள் சொல்வாராம்.

எண்ணி முடித்தார். குறிப்பிட்ட ஒரு படைக்குக் கீழே நல்ல தண்ணீரின் அடையாளங்கள், கொஞ்சமாய்ப் பேரீச்சை மகரந்தம். அதற்கு மேலே உப்பு, கூடவே பேரீச்சை மகரந்தம் அள்ளிக் கொட்டினாற்போல். மச்சாள் அதை இப்படி வாசித்தார்: ஒரு காலத்தில் சனம் ஆசைப்பட்டுத் தோப்பைப் பெருக்கியது, அளவுக்கு மிஞ்சி நீர் இறைத்தது, நிலம் உவராகி ஊற்று கெட்டது. தண்ணீரைப் பார்த்துச் செலவழிக்காதவர்களுக்கு நடந்ததென்ன என்று அழகாக எழுதினார். கட்டுரை பேர் எடுத்தது. இங்கே ஒரு சங்கம் மண்டபம் பிடித்து, ‘பாலைவனத்தின் இரகசியத்தைக் கண்ட தமிழ்ப்பெண்’ என்று பொன்னாடை போர்த்தியது. பேச்சாளர் ஒருவர் பாலைத்திணையில் தொடங்கி எங்கெங்கோ போய், மச்சாளின் வேலையைத் தொடாமலே முடித்துவிட்டார். நாங்கள் கொத்துரொட்டி சாப்பிட்டுவிட்டு வந்தோம். அந்தச் சந்தோசம் உண்மையானது. அதை இப்போது பழித்துப் பேச எனக்கு மனமில்லை.

அந்தக் கட்டுரையை வேறு ஆட்களும் வாசித்திருந்தார்கள். சோலைக்குத் தூரத்தில் புதிய நகரம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அதற்குத் தண்ணீர் வேண்டும். அந்நாட்டு அதிகாரிகள் மச்சாளின் முடிவுரையை எடுத்துக்காட்டி, இந்தச் சனத்துக்கு நீரை நடத்தத் தெரியாது, முன்னோரும் கெடுத்தார்கள், இவர்களும் கெடுப்பார்கள் என்றார்கள். கிணறுகளுக்கு முத்திரை வைத்தார்கள். ஊரை நெடுஞ்சாலையோரத்துக் கொங்கிறீற்று வீடுகளுக்கு ஏற்றி இறக்கினார்கள். பேரீச்சம்பழக்காரரின் மருமகன் தொலைபேசியில் சொல்லித்தான் மச்சாளுக்குத் தெரியும். சரியில்லாத மருமகன் என்று நாங்கள் கதைத்தவன்.

மச்சாள் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவர். இராணுவம் ஊரைவிட்டு எழும்பச் சொல்லி, வேலி அடித்து, திரும்பிப் போகவிடாத ஊர்களில் ஒன்று அவருடையது. வேலி எடுபடும் என்று காத்திருந்தே அவருடைய தாயும் தகப்பனும் உறவினர் வீட்டுத் தாழ்வாரப் பத்தியில் கண்ணை மூடினார்கள். இதை அவர் அடிக்கடி சொல்பவரல்ல. அந்தத் தொலைபேசி வந்த அன்று மட்டும் மேசையில் இருந்த தேத்தண்ணியைத் தொடாமல், “எங்களை எழுப்பினவங்களும் ஒரு கடதாசியைத்தான் காட்டினவங்கள். அதையும் ஆரோ படிச்ச ஆள்தான் எழுதியிருக்கும்” என்றார்.

முதன்முறையாகப் பங்குனியில் போனார். யாரும் அனுப்பவில்லை. சொந்தச் செலவு, சொந்த லீவு. அண்ணா விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்தபோதும் அவரே போய்க் கூட்டிவந்தார். வீட்டுக்குள் வந்ததும் மச்சாள் கைப்பையிலிருந்து வெள்ளைச் சால்வை ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தார். அது முழுக்க மஞ்சள். விரித்த அசைவிலேயே தூள் பறந்து பிளாஸ்ரிக் விரிப்பில் படிந்தது. பின்னாளில் அம்மா நினைத்ததைப் போலத்தான் நானும் அப்போது நினைத்தேன், சமையல் மஞ்சள் கொட்டுப்பட்டுவிட்டதென்று.

“தோப்புக்குள்ளை நடந்து வந்தனான். அவ்வளவுதான்” என்றார்.

பிறகு சொன்னார். பனையைப் போலவே பேரீச்சையிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. எங்கள் பனைக்கு யாரும் ஏறிப் பூச்சேர்ப்பதில்லை. ஆண்பனை தன்பாட்டில் தூளைக் கொட்டும், மிச்சத்தைக் காற்றும் பூச்சியும் பார்த்துக்கொள்ளும். அந்தச் சோலையில் அப்படியல்ல. ஆண் மரத்தில் ஒன்றிரண்டைத்தான் விட்டுவைப்பார்கள். இளவேனில் தொடங்கும்போது, ஆண் பாளை வெடிக்குமுன் ஏறி அதை வெட்டி, பூங்கொத்தைப் பெண் பாளைக்குள் செருகிக் கட்டிவிடுவார்கள். தூளை வீணாகக் காற்றில் போகவிடமாட்டார்கள். ஆகவே ஆள் இருந்து பராமரிக்கும்வரை குளத்தில் விழும் மகரந்தம் கொஞ்சம்தான். ஆள் போய்விட்டால் பாளை மரத்திலேயே வெடிக்கும். விழுந்த கொட்டையெல்லாம் முளைத்து, பாதி ஆணாக நிற்கும். ஊரே மஞ்சளாகும்.

“கையாலை பூச்சேர்க்கிறவை எண்டு எனக்குத் தெரியும். படிச்சிருக்கிறன், படிப்பிச்சும் இருக்கிறன். ஆனா நான் போனது எல்லாம் மார்கழியிலை. பூக்கிற காலத்திலை ஒருநாளும் அங்கை நிக்கேல்லை. நுணுக்குக்காட்டிக்குள்ளை பாக்கேக்கை எங்கடை பனையைத்தான் நினைச்சு எண்ணியிருக்கிறன். தூள் கூடவெண்டால் தோப்பு பெரிசு எண்டு.” சால்வையின் ஒரு முனையை மடித்துவிட்டு, “அது தோப்பு பெருத்த காலமில்லை. சனம் விட்டிட்டுப் போன காலம். தண்ணி முதல் கெட்டிருக்கு. எங்கையோ மழை பிழைச்சிருக்கு. அதுகள் இருந்தமட்டும் ஒரு தூளைக்கூட வீணாக்கேல்லை. நான் அதுகளைக் கள்ளராக்கிப்போட்டன்” என்றார்.

அண்ணா ஆறுதல் சொல்லப் பார்த்தார். “நீர் வேணுமெண்டே செய்தனீர்? பிழையெண்டால் திருத்தி எழுதும்.”

“திருத்தி எழுதுறன். ஆனா எனக்கு இது எப்பிடித் தெரிஞ்சதெண்டு யோசிச்சுப் பாருங்கோ. அந்தச் சனம் அங்கை இருந்திருந்தால், நான் பங்குனியிலை போயிருந்தாலும் தூளைக் கண்டிருக்க மாட்டன். அதுகளை எழுப்பினபடியாத்தான் கண்டனான்.”

பேரீச்சம்பழக்காரரைக் கண்டாரா என்று அம்மா கேட்டார். கண்டாராம். கொங்கிறீற்று வீட்டில் குழாய்த் தண்ணீரில் தேநீர் போட்டுக் கொடுத்தாராம். புறப்படும்போது வழக்கம்போல் பழம் கொடுத்துவிட்டார். மச்சாள் பையிலிருந்து எடுத்து வைத்தார்: கடையில் விலைக்கு வாங்கிய பக்கெற், வேறு நாட்டுப் பழம். அவர் ஒரு சொல்லும் குறை சொல்லவில்லையாம். “உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்திட்டு வாறன், மாமி” என்று சொல்லிவிட்டு மச்சாள் அழுதார். அம்மா அவருடைய தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். அந்தப் பக்கெற்றை எங்கள் வீட்டில் யாரும் பிரிக்கவில்லை.

சால்வையை உதறிச் சேர்த்த தூள்தான் அந்த ஜாம் போத்தலில் இருந்தது. அம்மா அதைக் குழம்புக்குள் போடப் போனது பல வருடம் கழித்து, பழையவை அவருக்கு மறக்கத் தொடங்கிய காலத்தில்.

திருத்தத்தை எழுதினார். வெளிவந்தது. முதற் கட்டுரையை வாசித்தவர்களில் கால்வாசிப் பேர்கூட அதை வாசித்திருக்க மாட்டார்கள். அந்நாட்டு அதிகாரிகள், முடிவு வேறு காரணங்களையும் வைத்து எடுக்கப்பட்டது என்று இரண்டு வரியில் பதில் அனுப்பினார்கள். பொன்னாடை போர்த்திய சங்கத்தின் தலைவரிடம் போய், அடுத்த விழாவில் ஐந்து நிமிடம் தாருங்கள், நான் சொன்னது பிழை என்று மேடையில் சொல்லவேண்டும் என்று கேட்டார். நானும் கூடப் போயிருந்தேன். தலைவர் நல்ல மனிதர்தான். மச்சாளுக்குக் கோப்பி எடுத்து வந்து கொடுத்துவிட்டு, “அக்கா, உதெல்லாம் எங்கடை சனத்துக்கு விளங்காது. நீங்கள் எங்களுக்குப் பெருமை, உதை ஏன் கெடுக்கிறியள்?” என்றார். மச்சாள் கோப்பியைக் குடித்து முடித்தார். வெளியே வந்து, பிளாசா வாசலின் பனிச்சேற்றைத் தாண்டிக் காருக்கு நடந்தார். எனக்குத்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அதன்பின் பல வருடம் அந்த ஊருக்காகக் கடிதம் எழுதினார், கூட்டங்களுக்குப் போனார், வழக்கறிஞர்களோடு கதைத்தார். ஒரு கிணற்றின் முத்திரைகூட உடைபடவில்லை. பேரீச்சம்பழக்காரர் நெடுஞ்சாலையோரத்திலேயே இறந்துபோனார். மச்சாளுக்கு ஈரலில் புற்றுநோய் என்று தெரியவந்தபோது, அண்ணா அவரை வேலையை விடச் சொன்னார். “வேலை என்னை எப்பவோ விட்டிட்டுது” என்றார் மச்சாள்.

போன இலையுதிர் காலத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், அவர் என்னோடு கடைசியாகத் தெளிவாகக் கதைத்தது அந்தக் குளத்தைப் பற்றித்தான். கடவுளைப் பற்றியோ மகளைப் பற்றியோ ஏதும் சொல்வார் என்று காத்திருந்தேன்.

“இப்பவும் பங்குனிக்குப் பங்குனி தூள் கொட்டிக்கொண்டுதான் இருக்கும், மச்சாள். குளத்துக்குள்ளை ஒரு படை விழுந்துகொண்டிருக்கு. நல்ல தடிப்பான படை. எப்பவோ ஒருநாள் ஆரோ வந்து குழாயை இறக்குவினம். எண்ணிப்போட்டுச் சொல்லுவினம், இஞ்சை இந்தக் காலத்திலை சனம் நல்லாச் செழிச்சு வாழ்ந்திருக்குதெண்டு.” மூச்சு வாங்கியது. “என்ரை திருத்தத்தை அவை வாசிச்சிருப்பினமோ தெரியாது.”

வாசிப்பார்கள் என்றேன். வேறென்ன சொல்ல?

அண்ணா இப்போது மகளோடு விட்பியில் இருக்கப் போகிறார். ஸ்காபரோ வீட்டை விற்றாயிற்று. போன வாரம் நானும் அண்ணாவின் மகளான என் மருமகளும் நிலவறையை ஒதுக்கினோம். மச்சாளும் அம்மாவும் இல்லாத அந்த வீட்டில் ஃபிரீசர் மட்டும் உறுமிக்கொண்டு கிடந்தது. மருமகள் குப்பைப் பையை விரித்துப் பிடித்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். பழைய ஒடியல் மா, உறைந்து வெளுத்த மீன். பிறகு ஜாம் போத்தல் அவள் கையில் வந்தது.

“மாமி, இது ரேமரிக், மஞ்சள்தானே? எக்ஸ்பயர் ஆகியிருக்கும். எறியட்டா?”

நானும் ஓடிப்போய் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தேன். பிடித்த பிறகுதான் இன்னொரு கை நினைவுக்கு வந்தது. அந்தப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். தாய் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. அவள் அழவில்லை. போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆய்வுகூடத்தில் ஒரு சிட்டிகை மண்ணுக்கும் இடமும் ஆழமும் எழுதி ஒட்டுகிற மச்சாள், இதில் ஒன்றும் ஒட்டாமல் விட்டிருந்தார்.

“லேபிள் இல்லாட்டி திருப்பியும் ஆரும் பிழையா நினைப்பினம், மாமி” என்றாள். பெட்டிகளில் எழுத வைத்திருந்த தடித்த பேனாவை எடுத்தாள். “என்ன எழுதிறது?”

“ஆக்கள் போனாப்பிறகு விழுந்தது எண்டு எழுது.”

அவளுக்குத் தமிழ் எழுத வராது. ஆங்கிலத்தில் எழுதினாள். எழுதியதை எனக்கு ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு, போத்தலைத் தன் குளிரங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, வெறும் ஃபிரீசரின் மின்கம்பியைக் கழற்றினாள்.